அவுக எத்தனை பேர்

1

அன்றைக்குப் பள்ளிக்கூட ஹாலில் இருந்தவர்கள்:

தலைமை வாத்தியார், வெள்ளைக்காரர். சீனியர் வகுப்பு வாத்தியார், மலையாளி. ரயில்வே ஆபீசிலிருந்து ஒரு கிராணி. இங்கே குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர். நிலம் அளக்கும் ஆபீசிலிருந்து ஒரு சீனர். லேபர் ஆபீசிலிருந்து பெரிய கிராணி, கோட்டுப் போட்ட தமிழர். சீனியர் வகுப்புப் பையன்கள். அவர்களுடைய தகப்பன்மார், முக்கால்வாசிப் பேர் காலில் சப்பாத்துப் போட்டவர்கள். கூடலூர்க் குருவையா அண்ணன், ரயில் பாதை கேங்கில் மேஸ்திரி. என் மகன் பேச்சிமுத்து. கடைசி பெஞ்சில் நான்.

நான் அனுமந்தன்பட்டிக்காரன். பெயர் சுருளி. மலாய் நாட்டில் ரயில் கேட் காவல். நம் ஊர் வாசகசாலைப் பையன்கள் கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறார்கள். மலாய் நாட்டில் நம் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், படித்துவிட்டு என்ன வேலைக்குப் போகிறார்கள், எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். சாமியார் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனவன் நான். தெரிந்ததை எழுதுகிறேன்.

இங்கே வருஷத்துக்கு மூன்று டெர்ம். ஒவ்வொரு டெர்ம் முடிவிலும் மார்க் வாசிப்பார்கள். சீனியர் வகுப்புக்கு இரண்டாம் டெர்ம் முடிவில் தகப்பன்மாரையும் கூப்பிடுவார்கள். அடுத்த டெர்மோடு அந்தப் பையன்களுக்குப் படிப்பு முடிகிறது. எந்த ஆபீசில் இடம் காலி, எந்த வேலைக்கு எப்படிப்பட்ட பையன் வேண்டும் என்று ஆபீஸ்காரர்களே வந்து சொல்வார்கள். சொல்லிக்கொண்டே பையன்களைப் பார்த்துக்கொள்வார்கள்.

குருவையா அண்ணன் என் காதில் சொன்னார்: “ஏலே சுருளி, தேனி மாட்டுச் சந்தை மாதிரியில்ல இருக்கு. பல்லப் புடிச்சுப் பாக்குறதுதேன் பாக்கி.”

“சும்மா இருங்கண்ணே.”

“ஒங் காளைக்கு நல்ல பல்லு. பயப்படாத.”

வாத்தியார் மார்க் வாசித்தார். ஒவ்வொரு பையனும் எழுந்து நிற்க வேண்டும். அவன் தகப்பனும் எழுந்து நிற்க வேண்டும். ஒரு பெயர் வாசித்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் வாசித்தார்கள்.

“பேச்சிமுத்து. அருவி மகன்.”

அண்ணன் என் விலாவில் இடித்தார். “எந்திரி. ஒன்னையத்தேன்.”

எழுந்து நின்றேன். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பிறகு சொல்கிறேன்.

இங்கிலீஷில் என் மகன் முதல். கணக்கில் இரண்டாவது. பூகோளத்தில் முதல். சரித்திரம் சுமார். கைதட்டினார்கள். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லித் தருவதில்லை.

பிறகு வேலைகளைப் பற்றிச் சொன்னார்கள். ரயில்வேயில் டிக்கெட் ஆபீஸ் கிராணி. ஆஸ்பத்திரியில் மருந்து கலப்பவன். நிலம் அளக்கச் சங்கிலி பிடித்துப் பழகுகிறவன். லேபர் ஆபீசில் துபாசி. தோட்டத்துக் கூலிகள் புகார் சொல்ல வருவார்கள். அவர்கள் சொல்வதை துரைக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். துரை சொல்வதைக் கூலிகளுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். நாற்காலி உண்டு. காற்றாடி உண்டு.

லேபர் ஆபீஸ் பெரிய கிராணி என் மகனைக் காட்டிக் கேட்டார். “இந்தப் பையன் இங்கிலீஷ் நன்றாயிருக்கிறது. தமிழ் எப்படி?”

வாத்தியார் சிரித்தார். அவரும் தமிழிலேயே சொன்னார். “தமிழ் அவனுக்குத் தாய் பாஷை அல்லவா. அதில் பரீட்சை எதற்கு?”

லீவில் ஒருநாள் ஆபீசுக்கு வா, உண்மையான விசாரணை ஒன்றிலே உட்கார வைத்துப் பார்ப்போம் என்றார் பெரிய கிராணி. என் மகன் முகம் மலர்ந்தது. அவனுக்கு அந்த வேலைதான் ஆசை. ரயில் கேட்டில் கொடி பிடிக்கிறவன் மகன் துரைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்காரலாம்.

எனக்குப் பயம் பிடித்தது அந்த இடத்தில்தான். தாய் பாஷை என்றார் வாத்தியார். என் மகனுக்குத் தாய் இல்லை.

2

என் பெண்சாதி பேச்சி சுருளிப்பட்டிக்காரி. கல்யாணமான அடுத்த வருஷம் கப்பல் ஏறினோம். இந்தப் பையன் இங்கே பிறந்தான்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். வாசிக்கிற உங்களுக்கு இது தெரியும். இங்கே பிறப்பு எழுதுகிற கிராணிக்குத் தெரியாது. அவர் கடலோரத்துக்காரர், எந்த ஊர் என்று நினைவில்லை. பேச்சி வந்து எனக்குச் சொன்னது இது.

“புள்ளைக்குத் தகப்பன் பேர் என்ன?” என்று அவர் கேட்டிருக்கிறார்.

“அவுகதேன்” என்றிருக்கிறாள்.

“அவுகன்னு எழுத முடியுமா? பேர் சொல்லும்மா.”

“எங்க ஊர்ல மலையில இருந்து தண்ணி கொட்டும். அந்தப் பேரு.”

கம்பம் ஊரில் யாரிடம் இதைச் சொன்னாலும், சுருளி அருவியை நினைத்துச் சுருளி என்று எழுதியிருப்பான். அந்தக் கிராணி யோசித்திருக்கிறார். “அருவியா?” என்று கேட்டிருக்கிறார். ஆளுக்குப் புரிந்துவிட்டது என்று இவள் தலையை ஆட்டியிருக்கிறாள். அப்பா பெயர் அருவி என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோதுதான் அதைப் படித்துச் சொன்னார்கள். மாற்ற வேண்டும் என்றேன். மனு எழுது, சாட்சி கொண்டு வா, ஊர் முனிசீப்பிடமிருந்து கடிதம் வாங்கு என்றார்கள். முனிசீப் எழுதிய கடிதத்தை இங்கிலீஷில் ஆக்க வேண்டும். ஆக்கியது சரிதான் என்று இன்னொருவர் எழுத வேண்டும். விட்டுவிட்டேன். சம்பளப் புத்தகத்தில் நான் சுருளி. மகனின் காகிதத்தில் அருவி. இரண்டு காகிதமும் ஒரே மேஜைக்கு வராமல் இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் பயம் உண்டு.

அது பேச்சிக்குத் தெரியாது. பையன் நடக்கப் பழகிய மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டாள்.

பெயர் விஷயத்தில் எனக்குப் பயம் ஊரிலேயே பிடித்தது. என் சித்தப்பா பெயர் மொக்கையன். அவருக்கும் பக்கத்து வயல்காரனுக்கும் வரப்பு வழக்கு. உத்தமபாளையம் கச்சேரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நானும் துணைக்குப் போனேன். சேவகன் வாசலில் வந்து நின்று “முக்கையா, முக்கையா, முக்கையா” என்று கூப்பிட்டான். சித்தப்பா வேப்பமரத்தடியில் கட்டுச்சோற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“சித்தப்பா, ஒங்களத்தேன் போல.”

“அது வேற ஆளு பேருடா. நம்மளக் கூப்பிடாம உள்ள போனா வைவாக.”

பொழுது சாய்கிற வரை உட்கார்ந்திருந்தோம். ஆள் ஆஜராகவில்லை என்று வழக்கு முடிந்துவிட்டது. வயல் அவனுக்குப் போனது. பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற வயல். இரண்டு போகம். அதன் பிறகு சித்தப்பா அந்த வழியாக நடந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடைசி வரை ஒரே பேச்சுத்தான்: “எம் பேரக் கூப்பிடலையே.”

ஆபீஸ் வாசலுக்குள் ஒரு சொல் தவறினால் வயல் போகும். இது என் மனசில் உட்கார்ந்துவிட்டது.

3

என் வேலை இதுதான். ஸ்டேஷனிலிருந்து மணி அடிக்கும். கேட்டைச் சாத்த வேண்டும். கொடியைப் பிடித்து நிற்க வேண்டும். ரயில் போனதும் திறக்க வேண்டும். தோட்டத்து லாரி, மாட்டு வண்டி, சீனன் சைக்கிள், எல்லாம் காத்து நிற்கும். யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். நானும் பேச மாட்டேன்.

நாங்கள் இருக்கிற வரிசை வீட்டுக்கு லயம் என்று பெயர். எங்கள் லயத்தில் இடது பக்கம் தெலுங்குக்காரர் குடும்பம். வலது பக்கம் மலாய்க்காரர். எதிரே பால் கறக்கிற பஞ்சாபி. பையன் அந்த வீடுகளில்தான் வளர்ந்தான். அந்த மூன்று பாஷையும் அவனுக்கு வரும். வீட்டுக்கு வந்தால் நான். “சாப்பிட்டியா.” “படி.” “கொடிய எடு.” இதற்கு மேல் எங்கள் வீட்டில் தமிழ் இல்லை. எங்கள் ஊரில் தகப்பனை அய்யா என்போம். இவன் அப்பா என்பான். அதையும் எங்கேயோ வெளியில் கற்றுக்கொண்டு வந்தான்.

போன மாதம் எனக்கு உடம்பு சரியில்லை. குருவையா அண்ணன் வாசலில் நின்று பையனிடம் கேட்டார். “என்னடா, ஒங்கப்பனுக்கு மேலுக்குச் சரியில்லையாமே?”

பையன் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். “மேல ஒண்ணும் இல்லையே பெரியப்பா. ஓலை நேத்துதான் மாத்துனோம்.”

அண்ணன் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கேங் முழுக்கச் சொன்னார். பையனும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேல் என்றால் உடம்பு என்று தெரியாத பையனிடம் ஒரு கூலிக்காரி வந்து மேலெல்லாம் அடித்தார்கள் என்று சொன்னால் இவன் துரையிடம் என்ன சொல்வான்?

லேபர் ஆபீசுக்குப் போகிற வாரம் முழுக்கப் பையன் படித்தான். பெரிய கிராணி அவனுக்குத் தமிழ்ச் சொற்கள் கொஞ்சம் எழுதிக் கொடுத்திருந்தார். நடந்துகொண்டே ஒப்பிப்பான். முறையீடு. எதிர்த்தரப்பு. வாக்குமூலம். அச்சுறுத்தல். அந்தச் சொற்களை நம் பக்கத்தில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அண்ணன் வந்து உட்கார்ந்தார். “துபாசி பொழப்பு மத்தளம்டா மகனே. ரெண்டு பக்கமும் இடி.”

“நாற்காலியில உட்கார்ந்து வாங்கிற இடி பெரியப்பா. வெயில்ல நிக்க வேண்டாம்.”

“பாத்தியா சுருளி. வாய் வந்துருச்சு. ஒனக்கு இல்லாததெல்லாம் இவனுக்கு வந்துருக்கு.”

நான் பையனிடம் சொன்னேன். “தெரியாத சொல்லு வந்தா கேளு.”

“யாரைக் கேட்கிறது? அங்க நான்தானே துபாசி.”

நான் எழுந்து கொடியைச் சுருட்டி வைத்தேன்.

“நீங்க வர்றீங்களா அப்பா?” என்று கேட்டான். கேட்டபோது காற்சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்கும் பயம் என்று அப்போது தெரிந்தது.

“கேட்டு?” என்றேன்.

“நான் நிக்கிறேன், போடா” என்றார் அண்ணன். “ஒரு நாள் ஒன்னையக் காணாட்டி ரயில் தடம் மாறிப் போயிராது.”

4

லேபர் ஆபீஸ் வாசலில் பெரிய தூங்குமூஞ்சி மரம். அடியில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். காலில் கட்டு. பக்கத்தில் ஒரு கம்பு. யார் என்று எங்களுக்குத் தெரியாது. உள்ளே போனோம்.

பையனுக்கு நாற்காலி கிடைத்தது. நான் கதவோரம் நிற்கலாம், வாயைத் திறந்தால் வெளியே என்று சேவகன் சொன்னான்.

பெரிய கிராணி பையனுக்கு விஷயத்தைத் தமிழில் சொன்னார். எனக்கும் கேட்டது. ஒரு ரப்பர் தோட்டத்து வழக்கு. மரத்தில் எடுத்த பாலைச் சாயங்காலம் கொட்டகையில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். அந்தக் கொட்டகைக்கு ஒரு கும்பல் கம்போடு வந்து தண்டலை மிரட்டியது என்று தோட்டத்து மேனேஜர் எழுதியிருக்கிறார். தண்டல் என்றால் கூலிகளை மேய்க்கிறவன். கும்பல் வந்தது நிஜமானால் போலீஸ். பிறகு எல்லோரையும் ஊருக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள். பெயர் தெரிந்த ஒருவனை ஏற்கெனவே வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவன் பெண்சாதி நியாயம் கேட்டு வந்திருக்கிறாள்.

துரை வந்து உட்கார்ந்தார். தோட்டத்துக் கிராணி ஒருவர் காகிதத்தோடு எதிரே உட்கார்ந்தார். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். பெயர் வீராயி. வாயைத் திறந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் பக்கத்துக்காரி. கம்பமோ கூடலூரோ, அந்தப் பேச்சு.

“நடந்ததைச் சொல்லுங்க” என்றான் என் மகன். குரல் நன்றாக இருந்தது.

“அவுக போனாக” என்றாள் வீராயி. “கம்பு வச்சிருந்தாக. கொட்டகைக்கு முன்னால அங்கன நின்னாக. எதுக்கு எடையில கொறைக்கிறீகன்னு கேட்டாக. அம்புட்டுத்தேன். ஒரு கெட்ட வார்த்த பேசல.”

என் மகன் இங்கிலீஷில் சொன்னான். தண்ணீர் ஓடுகிற மாதிரி வந்தது. பெரிய கிராணி தலையை ஆட்டினார். எனக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. ஆனால் “மென்” என்ற சொல் தெரியும். கேங்கில் துரை தினமும் அதைத்தான் கத்துவார். டூ மென், சிக்ஸ் மென். ஒரு ஆளாக இருந்தால் அப்படிக் கத்த மாட்டார். என் மகன் மென் என்றான். இரண்டு தடவை சொன்னான். துரை எழுதினார். தோட்டத்துக் கிராணி காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார், வேலை முடிந்த மாதிரி.

எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

நம் பேச்சில் பலரையும் அவுக என்போம். மரியாதைக்கு ஒருவரையும் அவுக என்போம். அது என் மகனுக்குத் தெரியும். ஒரு பெண் எடுத்த எடுப்பில், பெயர் எதுவும் சொல்லாமல், அவுக என்று ஆரம்பித்தால் அது யார் என்பது அவனுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வீட்டில் ஒரு பெண் இருக்க வேண்டும். கும்பல் என்று காதில் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். அவன் கும்பல் என்றே எடுத்துக்கொண்டான்.

துரை என்னவோ கேட்டார். என் மகன் வீராயியிடம் சொன்னான். “எத்தனை பேர் வந்தாங்கன்னு கேக்கிறார்.”

“எத்தனை பேரா?” அவள் விழித்தாள். “அவுகதேன்.”

“அவங்க பேரைச் சொல்லுங்க.”

“பேரா? நானா சொல்றது?”

“நீங்கதான் சொல்லணும்.”

“அடி ஆத்தி. அம்புட்டு வெக்கங்கெட்டவளா நானு?” முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

துரையின் முகம் சிவந்தது. கூட வந்தவர்களைக் காட்டிக்கொடுக்க மறுக்கிறாள் என்று அவர் நினைத்தார். தோட்டத்துக் கிராணி தமிழிலேயே சொன்னார். “மறைக்கிறாள். நான் சொன்னேனே.”

வீராயி அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே வழி கண்டுபிடித்தாள். “கோமணத்தக் கட்டிக்கிட்டு, கையில தண்டு வச்சுக்கிட்டு, மலைமேல நிக்கிறாகல்ல. அவுகதேன்.”

புருஷன் பெயர் பழனி என்று நம் ஊர்க் கைப்பிள்ளைக்குத் தெரியும். என் மகன் அதையும் இங்கிலீஷில் சொன்னான். துரை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஜன்னலுக்கு அப்பால் காட்டு மலை இருந்தது. கும்பல் இன்னும் கம்போடு மலைமேல் நிற்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். டெலிபோன் பக்கம் கையை நீட்டினார்.

அவ்வளவு பயம் நான் கப்பலில்கூடப் படவில்லை. வாயைத் திறந்தால் மகனுடைய நாற்காலி போகும். திறக்காவிட்டால் ஓர் ஆள், என் பேச்சைப் பேசுகிறவன், போலீசுக்குப் போவான். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தள்ளிப் பார்த்தேன். வரவில்லை.

என் மகன் வீராயியைப் பார்த்தான். டெலிபோனைப் பார்த்தான். பிறகு நாற்காலியில் முழுசாகத் திரும்பி வாசலைப் பார்த்தான்.

“அப்பா. அவுகன்னா எத்தனை பேர்?”

சேவகன் “ஏய்” என்றான். பெரிய கிராணி பேனாவைக் கீழே வைத்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவன் கேட்டபின்தான் என் வாய் திறந்தது.

“ஒங்காத்தா என்னைய அவுகன்னுதேன் சொல்லும்” என்றேன்.

அவன் என்னையே பார்த்தான்.

“பேரு?”

“சொல்ல மாட்டாக. அதுனாலதேன் நீ அருவி மகன்.”

அவன் முகத்தில் ஒவ்வொன்றாக விளங்கியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வீராயிக்கும் அப்போதுதான் விளங்கியது. அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது.

“அட கூறுகெட்ட பயலே! எனக்கு எத்தனை புருசன்னு நெனச்ச? ஒத்த மனுசன் போயி நின்னதுக்கு ஊரையே கூட்டியாந்து கம்பக் குடுத்துட்டியே!”

“மன்னிச்சுக்குங்க அத்தை” என்றான் என் மகன். அந்த உறவுமுறையை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. துரையின் பக்கம் திரும்பி நீளமாகப் பேசினான். “மிஸ்டேக்” என்றான், தன் மார்பைத் தொட்டுக் காட்டினான். துரை டெலிபோனிலிருந்து கையை எடுத்தார்.

தோட்டத்துக் கிராணி விடவில்லை. “கம்பு எதற்கு?” என்றார்.

“வெட்டுக் கத்தி கால்ல பாஞ்ச மனுசன் கம்பு இல்லாம எப்பிடி நடப்பாக?” என்றாள் வீராயி. “நீங்க சொமந்துக்கிட்டுப் போனீகளா?”

கும்பல் என்றால் மற்றவர்கள் பெயர் எங்கே என்று துரை கேட்டாராம். மகன் பிறகு சொன்னான். தோட்டத்துக் கிராணியிடம் ஒரு பெயருக்கு மேல் இல்லை. துரை எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். வேலையிலிருந்து நீக்கியதை விசாரிக்கிறேன், அதுவரை லயத்தைக் காலி செய்யச் சொல்லக் கூடாது என்று சொல்லி வீராயியை அனுப்பினார்.

பெரிய கிராணி வாசலுக்கு வந்தார். நல்ல மனுஷன். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

“பையன் கெட்டிக்காரன். ஆனால் விசாரணை நடுவே வாசலில் நிற்கிற ஆளைக் கேட்கிறவனைத் துபாசியாக வைக்க முடியாது என்கிறார் துரை.”

நான் கேட்டேன். “கேக்காம இருந்திருந்தா?”

“கேட்காமல் இருந்திருந்தால் வேலை கிடைத்திருக்கும்” என்றார்.

5

அந்த இடம் இவன் வகுப்பிலேயே வேறு ஒரு பையனுக்குப் போனது. நல்ல பையன். அவனுக்கும் இங்கேதான் பிறப்பு. விசாரணையில் எங்கேயும் நிற்காமல் சொன்னானாம். அவனுக்கு எப்படிப்பட்ட சாட்சி வந்தது, என்ன சொன்னது என்று எனக்குத் தெரியாது.

மூன்றாம் டெர்ம் ஆரம்பித்துவிட்டது. என் மகன் படிக்கிறான். ரயில்வேயில் டிக்கெட் ஆபீசுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். அங்கே என் சம்பளப் புத்தகத்தையும் அவன் பிறப்புக் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சுருளியும் அருவியும் ஒரே மேஜைக்கு வரப்போகிறார்கள். ஐரோப்பாவில் சண்டை வரும் என்று பேப்பரில் போடுகிறார்கள். அண்ணன் அதை வாசித்துவிட்டு வந்து பயப்படுகிறார். எனக்கு இந்தக் காகிதமே போதும்.

மகன் இப்போது சாப்பிட உட்கார்ந்தால் கேட்கிறான். அம்மா சோற்றுக்குக் கூப்பிடும்போது எப்படிக் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் என்ன சொல்வார்கள். நான் பேசாத ஆள். இருந்தாலும் சொல்கிறேன். பயம்தான் பேச வைக்கிறது. ஒரு நாள் கேட்டான்: “மேலுக்குச் சரியில்லைன்னா உடம்பு. அப்ப, கீழுக்குச் சரியில்லைன்னா?” அண்ணன் சொன்ன பதிலை எழுத முடியாது.

வாசகசாலைப் பையன்கள் கேட்டது படிப்பும் வேலையும். அதற்குப் பதில்: இங்கே நம் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். ரயில்வே, ஆஸ்பத்திரி, நில அளவை, லேபர் ஆபீஸ், நாலு வழி இருக்கிறது. அவர்கள் கேட்காமலே நான் சொல்ல வேண்டியது: நம் பக்கத்திலிருந்து கப்பல் ஏறுகிற பெண்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். ஆபீசில் கேட்டால் புருஷன் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். வாய் வராவிட்டால் விரலையாவது காட்டச் சொல்லுங்கள். எதிரே நாற்காலியில் நம் பிள்ளைதான் உட்கார்ந்திருப்பான். முகம் நம் முகமாக இருக்கும். அதை நம்பி ஏமாந்து போகாதீர்கள்.

அந்த ஆபீஸ் தினமும் திறக்கிறது. தினமும் யாராவது ஒருத்தி உள்ளே போய், அவுக என்று ஆரம்பிப்பாள். கேட் சாத்தி நிற்கும்போது தோட்டத்து லாரி வந்து நின்றால், அதில் இருக்கிற பெண்களைப் பார்க்கிறேன். யார் பேச்சு வீராயி மாதிரி நம் பக்கத்துப் பேச்சு என்று காது கொடுக்கிறேன். முன்பு அப்படிச் செய்ததில்லை.

அன்றைக்கு வெளியே வந்தபோது நடந்தது பாக்கி இருக்கிறது.

மகன் முன்னால் நடந்தான். பெட்டி போட்ட காற்சட்டை. தலை குனிந்திருந்தது. நான் பின்னால் போனேன். தூங்குமூஞ்சி மரத்தடியிலிருந்து வீராயி கூப்பிட்டாள்.

“ஏலே தம்பி. இங்கன வா.”

அவன் நின்றான். அவளே வந்து அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“வேலை போச்சாமே? சேவகன் சொன்னான்.”

“ஆமா அத்தை.”

“ஒங்காத்தா எங்க?”

“இல்ல.”

“அதேன்” என்றாள். அவனை மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். காலில் கட்டுப் போட்ட ஆள் எங்களைப் பார்த்துப் பயந்து, கம்பை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தான். ஆபீசிலிருந்து யாரோ பிடித்துக்கொண்டு போக வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பான்.

“ஒக்காருங்க, ஒண்ணுமில்ல” என்று அவனிடம் சொன்னாள். என் மகன் பக்கம் திரும்பினாள்.

“இந்தா இருக்காக. இவுகதேன் அவுக. நல்லா எண்ணிக்க.”

என் மகன் விரலை நீட்டினான். சின்ன வகுப்பில் எண்ணப் பழகியபோது நீட்டுவானே, அந்த மாதிரி. அந்த ஆளைப் பார்த்து, சத்தமாக எண்ணினான்.

“ஒண்ணு.”